பற்களைக் கணக்கெடுத்த நாடு

இலக்கணம் கற்பிக்கும் நமக்குப் பற்களோடு பழைய உறவுண்டு. தொல்காப்பியப் பிறப்பியல் தகர நகரங்களுக்கு அண்பல்லை இடமாகக் கூறும். அரபு எழுத்துகளின் மக்ரஜைக் கற்பிக்கையில், ‘ஸா’வுக்கு நுனிநாவை மேல்முன்பற்களின் விளிம்பில் பொருத்தச் சொல்கிறோம். பல்லிழந்த முதியவர் ஓத வந்தமர்ந்தால் அவரும் வருந்துகிறார், நாமும் திகைக்கிறோம். ஆகவே, ஒரு நாடு தன் மக்களின் பற்களை எண்ணிப் பார்த்த வரலாறு நம் கருத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

அந்நாடு பிரிட்டன். அங்கு 1948-இல் தேசியச் சுகாதார சேவை தொடங்கியபோது பொய்ப்பல் கேட்டு வந்தோர் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. 1951-இல் அதற்குக் கட்டணம் விதிக்க முற்பட்டபோது, அச்சேவையை நிறுவிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். மணமாகும் பெண்ணின் பற்கள் அனைத்தையும் களைந்து, பொய்ப்பல் கட்டிச் சீராக அளிக்கும் வழக்கமும் சில பகுதிகளில் இருந்ததாம். பின்வரும் மருத்துவச் செலவை முன்னரே ஒழித்துவிடும் சிக்கனம்!

1968-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் ஆய்வு நடந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் பல் மருத்துவர்கள் சென்று, வகுத்த ஒரே அளவுகோலால் வாயைச் சோதித்தனர். பெரியவர்களில் 37 விழுக்காட்டினருக்கு இயற்கைப் பல் ஒன்றுகூட இல்லை! பிரிட்டன் முழுமைக்கும் நடந்த அடுத்த ஆய்வுகளில் இது 1978-இல் 30, 1988-இல் 21, 1998-இல் 13 எனக் குறைந்தது. ஸ்காட்லாந்து சேராத 2009 ஆய்வில் 6. ஃபுளோரைடு கலந்த பற்பசை 1970-களில் பரவியதும், பிடுங்குவதினும் அடைத்துக் காப்பதே நன்று என்னும் மனமாற்றமும் இதற்குத் துணைநின்றன.

ஒருமுறை எண்ணியிருந்தால் அந்த 37 வெறும் அவமானமாகவே நின்றிருக்கும். பத்தாண்டுக்கொருமுறை எண்ணியதாலன்றோ அது சான்றாயிற்று! முதியோர் வாயில் இன்று எஞ்சியிருப்பவை பல முறை அடைத்த பற்கள். பொய்ப்பல்லைவிட அவற்றுக்குப் பராமரிப்பு மிகுதி என்பதையும் இவ்வாய்வுகளே முன்னுணர்த்தின.

2021-இல் கொள்ளைநோயின் காரணமாக, இங்கிலாந்தில் வாயைத் திறந்து பாராமல் வினாத்தாள் வழியே கேட்டறிந்தனர். கேள்வியறிவுக்கும் ‘ஐனுல் யகீன்’ எனப்படும் கண்கண்ட உறுதிக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. வலி தோன்றும்வரை தன் பல் சொத்தையை எவர் அறிவார்? 2023-இல் மருத்துவர்கள் மீண்டும் வாயைச் சோதித்தனர் என்பது ஆறுதல்.

ஆயினும் ஒரு குறையை நாம் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்தாண்டு ஆய்வுகள் தனி வீடுகளில் வாழ்வோரையே தேர்ந்தெடுத்தன. பராமரிப்பு இல்லங்களில் கிடக்கும் முதியோர் கணக்கில் வரவில்லை. தம் பல்லைத் தாமே துலக்க இயலாதவர்கள் மிகுந்திருப்பது அங்கேதான்.