அப்பாவின் கடைசல் இயந்திரம்



கடந்த பள்ளி விடுமுறை முழுவதும் என் கைகளில் மண்ணெண்ணெய் வாடை. ரப்பர்த் தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த அப்பா, அது மூடப்பட்டபோது விலைக்கு வாங்கி வந்த 9 அங்குல ‘சௌத் பெண்ட்’ கடைசல் இயந்திரத்தைச் சீரமைத்துக் கொண்டிருந்தோம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1906இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பு அது.

பக்கவாதத்திற்குப் பின் அப்பாவின் வலக்கை சரிவர இயங்குவதில்லை. இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பா மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை அதன் அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டார். அன்றுமுதல் கை என்னுடையது, கண்ணும் அறிவும் அவருடையவை.

துருவைத் தேய்த்ததும் பளிச்சென்று சாயம் பூசிவிடத் தம்பி துடித்தான். “சாயம் அப்புறம் அடிக்கலாம்ப்பா. முதல்ல திரியப் பாருங்க” என்றார் அப்பா. இதன் சுழல்தண்டு வார்ப்பிரும்புத் தாங்கியிலேயே நேராகச் சுழல்கிறது. அடியில் உள்ள குழியிலிருந்து கம்பளித் திரி எண்ணெயை மேலேற்றித் தண்டுக்குத் தருகிறது, அகல்விளக்கில் நடப்பதுதான். எங்கள் திரிகள் காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தன. அப்படியே ஓட்டியிருந்தால் தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தின்றிருக்கும். தலைப்பகுதியின் வார்ப்போடு ஒன்றான அத்தாங்கியை எளிதில் மாற்றவும் இயலாது.

என்னை வியக்கவைத்தது தோல் வார்ப்பட்டைதான். தட்டையான பட்டை, ஓரத் தடுப்பை நம்பாமல் கப்பியின் நடுவிலேயே ஓடுவது எப்படி? கப்பியின் நடுப்பகுதி சற்றே மேடாக இருப்பதால்தான். பட்டை பள்ளத்தை நோக்கிச் சரியும் என்றே மனம் சொல்லும். அதுவோ மேட்டை நோக்கி ஏறுகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன்; இருவரைத் தவிர எல்லோரும் பள்ளத்தையே சொன்னார்கள். நூற்கட்டையின் நடுவில் ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் துணி நாடாவை ஓட்டிக் காட்டிய பிறகே நம்பினார்கள்.

பட்டை நழுவுவதைச் சிலர் குறையாகச் சொல்வர். வெட்டுளி சிக்கும்போது அது நழுவுவதால்தான் பல்சக்கரங்கள் தப்புகின்றன. ஆனால் விரல்களை அது காக்காது. துப்பட்டாவைக் கழற்றி வைத்த பிறகே அப்பா என்னை அருகில் விட்டார்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று விசையைப் போட்டோம். அப்பா இடக்கையால் கைச்சக்கரத்தை மெல்ல நகர்த்தினார். எஃகுத் துண்டிலிருந்து நீலம் பாய்ந்த சுருள் ஒன்று அறுபடாமல் நீண்டு விழுந்தது. அதை எடுத்து அம்மாவிடம் காட்டச் சொன்னார்.

சாயம் பச்சையா சாம்பலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.