கல்மரத்துக்கு அக்கம்பக்கத்தில் உசிலை

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து என் பயணம், அரியலூரைத் தாண்டி மேற்கே திரும்புகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் குறையக் குறைய, கரிசலும் முள்ளுக்காடும் கண்ணில் படுகின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு வருகிறவர்கள் தேடி வருவது கல்மரத்தை. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார். கடல் இந்தப் பக்கம் வரை ஏறியிருந்த காலத்தில் ஆற்றோடு வந்து, மணலிலும் சேற்றிலும் புதைந்து கல்லான மரம் அது.

பார்த்ததும் வண்டி ஏறிவிடாதீர்கள். இந்த வட்டாரக் காட்டின் சொந்த மரமான உசிலையையும் கண்டுவிட்டுப் போங்கள்.

முள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அது வெள்வேலாகவோ வேறு வேலமாகவோ இருக்கும். உசிலைக்கு முள் கிடையாது. அடுத்தது இலை. வாகைக்கும் இதற்கும் உறவுதான், ஆனால் வாகையின் சிற்றிலை அகலமானது. உசிலையின் சிற்றிலை அரிசியைவிடச் சிறியது, நெருக்கமாக இரு வரிசையில் அடுக்கியிருக்கும். சித்திரை வெயிலில் வெளிர்மஞ்சள் பூ உருண்டைகள் மணக்கும். பிறகு தட்டையான, மெல்லிய காய்கள். இத்தனைக்கும் பிறகு சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடி இலையை உருவி, தண்ணீர் விட்டுக் கசக்குங்கள். நுரை வரும்.

அந்த நுரையால்தான் ஊர் இதை மறக்கவில்லை. இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் அரப்பு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "எண்ணெ தேச்சிக் குளிச்சா இதத்தான் போடணும் தம்பி. சீயக்கா சூடு, இது குளிர்ச்சி" என்றார். அவருடைய ஆடுகளும் அதே கிளையைத்தான் எட்டிக் கடித்துக்கொண்டிருந்தன.

தழை வயலுக்கு உரம். கடினமான மரம் கலப்பைக்கும் விறகுக்கும். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதால்தான் இவ்வளவு கோடாரிகளுக்குப் பிறகும் நிற்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமல்ல, கடலுக்கு அப்பால் கென்யா, தான்சானியா வறள்காடுகளிலும் இதே மரம் வளர்கிறது. மழை குறைந்த நிலத்துக்கு இவ்வளவு பொருந்திய மரம் இருக்க, சாலையோரம் நட அயல்மரங்களைத் தேடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து பச்சைமலை நோக்கிப் போகும்போது உசிலையோடு வெப்பாலை மரமும் சேர்ந்துகொள்கிறது.