விளக்கு யாரைக் கேட்கிறது?

மரக்காணத்தில் உப்பளங்களையொட்டி வீடு வைத்திருப்பவர்கள் இரும்பை நம்புவதில்லை. கதவுக் கீல், சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி என எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவதை வகுப்பில் சொல்கையில் எங்களுக்குப் பெருமிதம் வருவதுண்டு. வீடு திரும்பி, துருவேறிய சன்னலைத் தள்ளித் திறக்கையில் அது போய்விடும்.

அவ்வீட்டில் இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். நாங்கள் இருவரும் திண்டிவனத்தில். 2023 மார்கழியில் ஒரு விடியற்காலை, முற்றத்து இருட்டில் அம்மா வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் குற்றவுணர்வு வந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வைஃபை விளக்குகளை அனுப்பினார். பெங்களூர்த் தங்கை நடமாட்டத்தை உணரும் உணரி ஒன்றையும் அதற்குரிய பெட்டியையும் வாங்கி வந்தாள். மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் மின்செருகியை எங்கள் பங்குக்கு நாங்கள் வாங்கினோம். செல்பேசியில் மூன்று செயலிகள். அம்மாவின் முற்றத்தில் மூன்று அந்நியர்கள்.

உணரி பேசியது ஜிக்பீ, விளக்கு பேசியது வைஃபை. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன; ஆயினும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. பத்திரிகைக்கொரு எழுத்துரு இருந்த நாட்களில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்து கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் வாசித்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திஸ்கி ஒருபுறம், 1999-இல் அறிவிக்கப்பட்ட டாப், டாம் மறுபுறம் என்று எழுத்துரு மாற்றிகளோடு திரிந்தோமே, அதே கதைதான். இங்கே மாற்றியின் வேலையை நிறுவனங்களின் தொலைதூர வழங்கிகள் செய்தன. முற்றத்து உணரியின் செய்தி எங்கோ போய்த் திரும்பி, இருபதடி தள்ளியிருந்த விளக்கை ஏற்றியது. இரண்டு மூன்று விநாடித் தாமதம். அதற்குள் அம்மா முற்றத்தைக் கடந்திருப்பார்.

"ஏம்ப்பா, இது யாரைக் கேட்டுக்கிட்டு எரியுது?" என்றார். நாங்கள் சிரித்தோம். சுவர் சுவிட்சை யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் ஒட்டுப்பட்டையும் ஒட்டிவிட்டு வந்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. மின்சாரம் போயிற்று, இன்வெர்ட்டர் இருந்தது. இணையம் இல்லை. கேட்பதற்கு ஆளில்லாததால் விளக்கு எரியவில்லை. நாங்கள் ஒட்டிவைத்த பட்டையைப் பிரிக்கத் தயங்கிய அம்மா, அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு முற்றத்துத் தண்ணீரில் நடந்திருக்கிறார். இரண்டாம் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகுதான் முறையாகப் படித்தோம். அமேசான், ஆப்பிள், கூகுள், ஜிக்பீ கூட்டமைப்பு ஆகியவை 2019 டிசம்பரில் கைகோத்த முயற்சி, 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்னும் பொதுத் தரமாக வெளிவந்தது. அக்குறியுள்ள பொருட்கள் எந்த நிறுவனத்தினுடையதாயினும், வீட்டிலுள்ள கட்டுப்படுத்தி ஒன்றின்கீழ், வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளும். பழைய ஜிக்பீ கருவிக்கு இடையில் ஒரு பாலம் வேண்டும். 2013-இல் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டென்ட்' என்னும் கட்டற்ற மென்பொருளைச் சிறு கணினி ஒன்றில் நிறுவி, ஜிக்பீ செருகி ஒன்றைப் பொருத்தினோம். தங்கையின் உணரி நேரடியாக அதனோடு பேசத் தொடங்கியது. அண்ணனின் விளக்கோ தன் நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் மசியவில்லை. அதைக் கழற்றிவிட்டு மேட்டர் குறியுள்ள விளக்கை மாட்டினோம். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் அம்மா, "அந்த நெட்டு ஒயரைப் பிடுங்கிட்டு வா, பாப்போம்" என்றார். பிடுங்கினோம். முற்றத்தில் இறங்கினார், உடனே எரிந்தது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தார். சுவிட்சிலிருந்த பட்டையை அவரே கிழித்தெறிந்தார்.

உணரிக்குள் இருக்கும் நாணய மின்கலத்தின் முனைகளில் உப்பு பூக்கிறது. மாதம் ஒருமுறை திண்டிவனத்திலிருந்து போய்த் துடைத்துவிட்டு வருகிறோம். முன்பெல்லாம் மூன்று மாதத்திற்கு ஒருமுறைதான் போவோம்.