சம்பந்தி பட்சணம்

இனிப்புக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இப்போது கலப்பு மணங்கள் அமோகமாக நடக்கின்றன. ரசமலாய் கேக், குலாப் ஜாமூன் சீஸ்கேக், ஃபில்டர் காபி டிராமிசு என்று எத்தனையோ தம்பதிகள் வரிசையாகக் கொலுவிருக்கிறார்கள். கீழை நாட்டு ருசிக்கும் மேலை நாட்டுப் பலகாரத்துக்கும் முடிச்சுப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ருசிக்கு ஜாதி ஏது? ஆனால் கேக்கின் தலையில் ஒரு குலாப் ஜாமூனைத் தூக்கி வைத்துவிட்டு, 'இதோ கல்யாணம் ஆகிவிட்டது' என்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜாமூன் ஜாமூனாகவே இருக்கிறது. கேக் கேக்காகவே இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்ட தம்பதிகள் ஒரே ஜட்கா வண்டியில் போவது போல இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கின்றன.

சம்பந்தம் என்றால் இரண்டு வீட்டாரும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஜப்பானில் இதை நன்றாகத் தெரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். கிமுரா யசுபே என்று பெயர், சாமுராய் குலத்தவர். சாமுராய்களின் செல்வாக்கு மங்கி வந்த காலத்தில், 1869இல், டோக்கியோவில் ரொட்டிக் கடை வைத்தார். அரிசிச் சோறு தின்று பழகிய ஜனங்களுக்கு மேல்நாட்டு ரொட்டி லேசில் பிடிபடவில்லை. ரொட்டி மாவைப் புளிக்க வைக்க மேல்நாட்டார் சேர்ப்பதை அவர் விட்டுவிட்டு, சாகே என்ற அரிசி மதுவுக்கு உபயோகமாகும் புளிப்பைச் சேர்த்தார். உள்ளே, சிவப்புப் பயற்றை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்த பூரணத்தை வைத்தார். நம் வீட்டுச் சுழியத்துக்குள் இருக்கும் பூரணத்துக்கு அது தூரத்து உறவு. 1874இல் பிறந்த அந்த ரொட்டிக்கு 'அன்பன்' என்று பெயர். 'அன்' என்றால் பூரணம், 'பன்' என்றால் ரொட்டி. தமிழில் அதற்கு வேறு அர்த்தம் வருவது தற்செயல்தான். என்றாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது! 1875 ஏப்ரல் 4ஆம் தேதி மெய்ஜி சக்கரவர்த்திக்கு அதைச் சமர்ப்பித்தபோது, நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூ ஒன்றைப் பதித்திருந்தார். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிற நம் பெண்மணிகளுக்கு அதன் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? எங்கள் தூத்துக்குடி மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மக்ரூன் பாதாம் பருப்பில் செய்வது. தூத்துக்குடிக்கு வந்ததும் அது பாதாமை விட்டுக்கொடுத்து முந்திரிப் பருப்பை ஏற்றுக்கொண்டது. முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் நுரைத்து வர, பொடித்த முந்திரி சேர்ந்து, சுருள் கோபுரமாக அடுப்பில் உலர்ந்து, வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாமல் போகிறது. இதில் ஒரு வேடிக்கை: நாம் சுதேசி என்று நினைக்கிற முந்திரியே பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்து இறக்கியது. இலங்கையில் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் லவ் கேக்கிலும் இதே கதைதான். கோதுமை மாவின் இடத்தில் ரவை. பாதாமின் இடத்தில் முந்திரி. கூடவே ஏலக்காய், பன்னீர், தேன், நீற்றுப்பூசணிப் பாகு. பெயர் மட்டும் இங்கிலீஷில் நின்றுவிட்டது.

இவ்வளவும் நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் தமக்கை மகள். வீட்டிலேயே கேக் செய்து விற்று அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவள். சென்ற வருஷம் என் தாயாருக்குக் காய்ச்சல் வந்து தெளிந்த பிறகு ஆகாரத்தில் மனம் செல்லவில்லை. பல்லும் இல்லை. கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஆச்சிக்குக் கருப்பட்டி என்றால் உயிர் ஆயிற்றே, மாமா! கஸ்டர்டில் போட்டுப் பார்க்கிறேன்" என்றாள் அவள்.

முதல் நாள் பசும்பாலில் கருப்பட்டியைப் போட்டுக் காய்ச்சினாள். பால் திரிந்துவிட்டது. மறுநாள் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, ஆற வைத்துச் சேர்த்தாள். பால் திரியவில்லை, ஆனால் வழக்கப்படி வனிலா எசன்ஸ் விட்டிருந்தாள். தாயார் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "யார் வீட்டுப் பலகாரம் இது?" என்று கேட்டார். பேத்திக்கு முகம் சிறுத்துவிட்டது.

மூன்றாம் நாள் அவள் வனிலாவையும் பசும்பாலையும் அடியில் ஊற்றுகிற எரித்த சர்க்கரையையும் தள்ளிவிட்டாள். அந்தச் சர்க்கரை கொடுக்கிற கசப்பையும் நிறத்தையும் கருப்பட்டியே கொண்டுவந்துவிடுகிறது. கூடவே லேசான புகை மணமும் உண்டு. கால் கிலோ கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆற வைத்தாள். ஐந்து முட்டை, ஒரு தம்ளர் கெட்டித் தேங்காய்ப் பால், ஏலக்காய், துளி சுக்கு. நுரை பொங்க அடிக்காமல் கலக்கி, பாத்திரத்தைத் துணியால் மூடி, இட்லிக் கொப்பரையில் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வைத்தாள். தீ ஓங்கினால் முட்டை இறுகித் துளை விட்டு நீர் கக்கும். கஸ்டர்ட் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த அந்தப் பக்குவத்தை மட்டும் அவள் விடவில்லை.

தாயார் அன்று அரைக் கிண்ணம் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டினார்.

சில நாள் கழித்து, காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். சுவைத்துப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது எங்கள் வட்டிலப்பம் அல்லவா? நாங்கள் சீனி போடுவோம். கொழும்பில் கித்துள் கருப்பட்டி போடுவார்கள்" என்றார். இலங்கைக்கு மலாய்க்காரர்கள் கொண்டுவந்த பண்டம் என்று அதைச் சொல்வதுண்டு.

என் மருமகளுக்குப் பெரிய ஏமாற்றம். 'புத்தம் புதிய கருப்பட்டி கஸ்டர்ட்' என்று விலைப் பட்டியலில் போட உத்தேசித்திருந்தாள். புதுமை என்றால்தான் நகரத்தில் ஆர்டர் வரும் என்பது அவள் அனுபவம். வயிற்றுப் பாட்டு விஷயம், நான் குறுக்கே பேசவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். முடிவில் 'கருப்பட்டி வட்டிலப்பம்' என்றே எழுதினாள்.

ஆர்டர்கள் குலாப் ஜாமூன் சீஸ்கேக்குக்கு வருகிற அளவு வரவில்லை. ஆனால் ஒரு தடவை வாங்கினவர்கள் மறுபடியும் வருகிறார்களாம். அவர்களில் பலர், "வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பெரிய கிண்ணமாகக் கொடு, அம்மா" என்று கேட்கிறார்களாம்.