நோக்கோல் இலையில் தண்ணீர்

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள். இயற்கையைப் பார்த்து மனிதர் செய்த பொருள் ஒன்றைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். முடிந்தால் ஏதாவது செய்து காட்ட வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. வெல்குரோவை எல்லாரும் எடுப்பார்கள், அது வேண்டாம் என்றாள். ஜேர்மனில்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் ஜேர்மன்தான்.

அதற்குக் காரணம் நான். ஆறு வயதில் அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று அழுதபோது, "சரி விடு, பிறகு பார்ப்பம்" என்று சொன்னவன் நான்தான். அப்போது என் அம்மா அவளோடு இரண்டு மொழியிலும் கதைப்பா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருசம் வேலை செய்து பழகிய ஜேர்மன். இரண்டு வருசத்துக்கு முன் மறதி நோய் என்றார்கள். பிறகு படித்த மொழிதான் முதலில் போனது. இப்போது அப்பம்மாவும் பேத்தியும் ஒரே சோபாவில் இருந்து டிவி பார்ப்பார்கள். ஒரு கதையும் இல்லை.

நான் தாமரை இலையைச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்த கதை எங்களுக்குப் பக்கத்தில், பொன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வில்ஹெல்ம் பார்ட்லொட் என்ற தாவரவியலாளர் 1970களில் எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்பில் இலைகளைப் பார்த்தபோது, வழுவழுப்பான இலைகளைத்தான் முதலில் தூசி போகக் கழுவ வேண்டியிருந்தது. கரடுமுரடான இலைகள் கழுவாமலே சுத்தமாக இருந்தன. நாங்கள் நேர்மாறாகத்தானே நினைப்போம்? 1997இல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் இதை விளக்கி எழுதினார்கள். தாமரை இலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரத்தில் மொட்டு மொட்டாக இருக்கும். அந்த மொட்டுகளின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழாய்கள். தண்ணீர் அவற்றின் நுனியில் மட்டும் தொட்டு நிற்கும், அடியில் காற்று. உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போய்விடும். 1999இல் இதை வைத்து வீட்டுச் சுவர் பெயின்டே ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது.

தாமரைக்கு எங்கே போவது? நோக்கோல் இலையும் இதே வேலையைச் செய்யும். சந்தையில் இலையோடு ஒரு நோக்கோல் வாங்கி, அந்தச் சாம்பல் பூத்த பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்கும்.

பிரதி எடுக்க, பல் மருத்துவமனையில் வேலை செய்கிற நண்பன் அச்செடுக்கிற சிலிக்கோன் கொஞ்சம் தந்தான். பொன் ஆராய்ச்சியாளர்களும் இதே சாமானைத்தான் பாவித்திருக்கிறார்கள்: இலையில் சிலிக்கோனைப் பூசி அச்சு எடுத்து, அச்சுக்குள் எபொக்சி ஊற்றி இலையின் உருவத்தை எடுப்பது. எபொக்சியைக் கையுறை போட்டு பல்கனியில் நானே ஊற்றினேன், பிள்ளைகள் தொடக்கூடாது. அடுத்த நாள் உரித்தபோது நரம்பெல்லாம் அப்படியே வந்திருந்தது. மகள் துள்ளினாள். ஒரு சொட்டு விட்டோம். தோசை மா மாதிரிப் பரவியது.

இரவு இருந்து வாசித்த பிறகுதான் விளங்கியது. தண்ணீரைத் தள்ளுகிற பொருளில் மேடு பள்ளம் இருந்தால் இன்னும் தள்ளும். தண்ணீரோடு சேருகிற பொருளில் அதே மேடு பள்ளம் இருந்தால் இன்னும் சேரும். எபொக்சி இரண்டாவது வகை. பொன்னில் அவர்கள் பிரதியின் மேல் தாமரையின் மெழுகையே ஆவியாக்கிப் படிய வைத்திருக்கிறார்கள். அது எங்கள் குசினியில் நடக்கிற காரியமில்லை.

அடுத்த நாள் பின்னேரம் இதை மகளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அம்மா மேசையடிக்கு வந்து நல்ல இலை ஒன்றைக் கையில் எடுத்தா. கிளாசில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டா.

"இஞ்ச பார் பிள்ளை," என்று இலையைச் சரித்தா. சொட்டு ஓடியது. "ஒட்டாது."

"ஒட்டாது," என்றாள் மகள்.

பிறகு மகள் இலையின் ஒரு மூலையை விரலால் நன்றாகத் தேய்த்தாள். மெழுகு போய் அந்த இடம் கரும்பச்சையானது. அங்கே விட்ட சொட்டு அசையவில்லை. அம்மா குனிந்து பார்த்தா. "இப்ப ஒட்டுது."

"ஒட்டுது. ஒட்டாது. ஒட்டுது." மகள் இலையின் இரண்டு பக்கத்தையும் காட்டிக் காட்டிச் சொன்னாள். அம்மா சிரித்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரே விசயத்தைப் பற்றிக் கதைத்ததை அன்றுதான் பார்த்தேன். அரைமணித்தியாலம் இருக்கும். நான் வாயே திறக்கவில்லை.

வகுப்புக்கு அந்தத் தோற்ற பிரதியையும் நல்ல இலை ஒன்றையும் கொண்டு போனாள். நான் வெட்டி வைத்த மிச்ச இலைகளைக் குப்பைக்குள் போடப் போனபோது அம்மா தடுத்தா.

"எறியாதை தம்பி, வறை வறுக்கலாம்."

சிலிக்கோன் படாத இலை நாலு இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் மகள் குசினிக்குள் எட்டிப் பார்த்து, வறை என்றால் என்ன என்று கேட்டாள். என்னிடம் இல்லை, அப்பம்மாவிடம்.