பல்லுருவம்: யாம் கற்ற பாடம்

சென்ற ஆண்டில் ஒரு மாலை, கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்திற்கு வந்தார். உயர்தரம் முடித்துக் கணினிக் கல்வி பயில்பவர். "ஐயா, பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில் பல்லுருவம் என்றொரு பகுதி உண்டு. விளக்குவீர்களா?" என வினவினார். யாம் கணினியை அறியோம். ஆயினும் தமிழ்ச் சொற்களைக் கண்டதும் துணிவு பிறந்தது. "இது பலபொருள் ஒருசொல்லே. 'மா' என்பது மரத்தையும் குதிரையையும் குறிக்கவில்லையா?" என விடை பகர்ந்தோம். அவர் அதனையே தேர்வில் எழுதிப் புள்ளிகளை இழந்தார்.

மீண்டும் வந்தவர் எம்மைக் குறைகூறவில்லை. விடைத்தாளை மேசைமேல் வைத்துத் தாமே விளக்கலானார். அங்கே 'பொருள்' என்றது சொற்பொருளை அன்று. தனக்கெனத் தரவும் செயலும் உடைய ஓர் உருப்படியை. இசைக்கருவி என்பது பொதுவகுப்பு. நாகசுரம், தவில், தாளம் என்பன அதன் கிளைவகுப்புகள். ஒவ்வொன்றும் 'இசை' என்னும் செயலைத் தன் முறையிற் கொண்டுள்ளது. செய்நிரல் 'இசை' என்று மட்டும் பணிக்கும். இயங்கும் வேளையில் அக்கருவிக்குரிய செயல் நிகழும்.

எமக்குக் கோயில் மேளம் நினைவில் எழுந்தது. குருக்கள் கைகாட்டியதும் ஒருவர் ஊதுகிறார், ஒருவர் முழக்குகிறார், ஒருவர் தட்டுகிறார். நாளை சங்கூதுபவர் ஒருவர் சேரினும் அக்கைகாட்டல் மாறவேண்டியதில்லை. பல்லுருவத்தின் பயன் இதுவே. இஃது இல்லையேல், 'நாகசுரமாயின் ஊது, தவிலாயின் முழக்கு' என நிபந்தனைகளை அடுக்கி, புதிய கருவி வருந்தோறும் அவற்றைத் திருத்த நேரும். 'மா' என்னுஞ் சொல்லிலோ தொடர்பற்ற இரு பொருள்கள் ஓரொலியில் நிற்கின்றன. இங்கே நோக்கம் ஒன்று; செய்முறையே பல.

நோர்வே நாட்டினரான டால், நைகார்ட் என்னும் இருவர் 1967இல் சிமுலா 67 என்னும் கணினி மொழியில் இத்தகைய வகுப்புகளையும் கிளைவகுப்புகளையும் அமைத்தனர் என்பதையும் அம்மாணவரே கூறினார்.

அவர் சென்றபின்பே எம் பிழையின் அளவு புலனாயிற்று. வேறு வேறு வினைகளுக்குரிய பலவற்றைத் தழுவும் பொதுப்பெயருக்கு, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கூறலாகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி. இசைக்கருவிகளின் பொதுப்பெயராகிய 'இயம்' என்பதனோடு 'ஊதினார்' எனல் வழு. 'இயம்பினார்' எனப் பொதுவினை கொடுத்தல் மரபு. ஆசிரியர் கலாசாலையில் யாம் மனனஞ் செய்த சூத்திரம் இது. இருபதாண்டுகளாகக் கற்பித்தும் வருகின்றோம். தக்க உவமை கையிலிருக்கவும், வினாவை முழுதும் கேளாது விடை கூறினோம்.

"அறியோம், இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று அன்று கூறியிருப்பின் அம்மாணவர் புள்ளிகளை இழந்திரார். இப்பொழுது மாணவர் அறியாததொன்றை வினவினால் அவ்வாறே கூறுகின்றோம். கல்லூரியின் விழா மலரில் இதனை எழுதுவது அவருக்கு யாம் பட்ட கடனின் ஒரு பகுதி.