வெட்டுத் துண்டுகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், தோட்டக் கிராமமொன்றின் ஒழுங்கை முடிவில் ஒரு சிறிய கல்வீடு இருக்கின்றது. அதன் விறாந்தையில், காலை வெளிச்சம் விழும் பக்கமாக, காலால் மிதித்து இயக்கும் பழைய தையல் இயந்திரமொன்று நிற்கின்றது. இயந்திரத்தின் பின்னால், சுவரோடு சாய்ந்தபடி ஓர் உரப்பை. அதனுள்ளே வெட்டுத் துண்டுகள். ஊரார் ‘தையலக்கா’ என்று அழைக்கும் பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வருபவை அவை.

தைக்கக் கொடுத்தவர்களுக்கு மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். கையகலத் துண்டையும் மடித்து, தைத்து முடிந்த சட்டையினுள்ளே வைத்தே கொடுப்பார். உரியவர்கள் வேண்டாமென்று விட்டுச் செல்பவையே உரப்பைக்குள் போகும். கழுத்து வளைவில் வெட்டுப்பட்ட பிறைத் துண்டு, பாடசாலைச் சீருடையின் வெள்ளை, கலியாணச் சேலைக்குத் தைத்த சட்டையின் சரிகை ஓரம், குழந்தையொன்றின் முதற் சட்டையில் எஞ்சிய பூத்துணி என அவை பலதிறத்தன. சிறு வயதில் மகள் அவற்றைக் குப்பையென்று கூட்டித் தள்ள முனைந்தபோதெல்லாம் தாய் தடுத்திருக்கிறார்.

“எறியாதை பிள்ளை. துண்டு சின்னனெண்டாலும் ஒரு மூலைக்கு உதவும்.”

வெளியார் வேலை குறைந்த நாட்களில் அந்த மூலைகள் பிறக்கும். தலையணை உறை, கதிரை மெத்தை உறை, மேசை விரிப்பு, கட்டில் விரிப்பு, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் தடித்த துணி என்று அவ்வீட்டின் மென்பொருள்கள் யாவும் உரப்பையிலிருந்து வந்தவையே. அவற்றைச் செய்வதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் துண்டுகளைத் தண்ணீரில் அலசிக் காயவிடுவார். பருத்தித் துணி முதல் நனைவிற் சுருங்கும். சுருங்கியதையும் சுருங்காததையும் சேர்த்துத் தைத்தால், முதற் சலவையிலேயே விரிப்பு முழுவதும் சுருக்கு விழுந்துவிடும். அடுத்தது இழைப் போக்கை அறிதல். ஓரத்திலிருந்து ஓர் இழையை மெல்ல உருவினால் துணியில் நேர்கோடொன்று தோன்றும். அக்கோட்டின் வழியே வெட்டிய துண்டு கோணாது. பின்னர் தையலுக்கு அரை அங்குலம் விட்டு இரண்டிரண்டாகப் பொருத்துவார். பொருத்திய ஓரத்தை எப்போதும் கருநிறத் துணியின் பக்கமாகவே மடித்து அழுத்துவார். வெளிர்நிறத்தின் பக்கம் மடித்தால் உள்ளிருக்கும் ஓரம் வெளியே நிழலாகத் தெரியும். இவற்றையெல்லாம் அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். தாயின் பக்கத்திலிருந்து, பிழை விட்டு, பிரித்துத் தைத்துக் கற்றவர்.

கட்டில் விரிப்பாயின் மேலுமொரு வேலை இருக்கின்றது. பொருத்திய முகத்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் நைந்த நூற்சேலையொன்றை விரித்து, மூன்றும் ஒன்றாகும்படி கையால் நூலோட்டம் போடுவார். வங்காளத்துக் கிராமப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ விரிப்புகளிலும் இதே நூலோட்டமே காணப்படுகின்றது. அச்சொல்லுக்கும் நம்முடைய ‘கந்தை’ என்ற சொல்லுக்கும் மூலம் ஒன்றே. ஒரே மூலச்சொல் வங்காளத்திற் கைவினைக்குப் பெயராயிற்று. தமிழில் அது வறுமைக்கே பெயராக நின்றுவிட்டது.

தலையணைக்கு இலவம்பஞ்சு. இலவின் இழை மெழுகுப் பூச்சும் வழுவழுப்பும் உடையது. ஆதலால் அதனைப் பருத்திபோல் நூலாக நூற்க இயலாது. அடைப்பதற்கே அது பொருந்தும். நெருக்கமில்லாத துணிக்குள் அடைத்தால் இழைகள் கண் கண்ணாக வெளியேறித் தூங்குபவரின் தலைமுடியில் ஒட்டும். ஆகவே இழை நெருங்கிய துணியில் உட்பை. அதன் மேலேயே ஒட்டுவேலை உறை. காண்போர் கண்ணுக்கு அழகு புறத்தில் இருக்கின்றது. தலையணையைத் தாங்குவது உள்ளிருக்கும் பையே.

இவ்வகைப் பொருள்களின் பெயர்களை நோக்குமிடத்து, நம் வீடுகளின் வரலாறு அவற்றுள் மடிந்து கிடப்பதைக் காணலாம். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி நாற்பதாண்டுகள்கூட நிலைக்கவில்லை. எனினும் அவர்கள் மொழியிலிருந்து வந்த கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் ஆகிய சொற்கள் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன. லேஞ்சியும் துவாயும் அவ்வழி வந்தவையே. உறையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் றேந்தையும் அவர்களுடைய சொல்லே. பாயும் திண்ணையுமாக இருந்த வீட்டுக்குள் கதிரை வந்தபோது கதிரைக்கு மெத்தை வேண்டியதாயிற்று. மேசை வந்தபோது விரிப்பு வேண்டியதாயிற்று. தளபாடம் தச்சனிடமிருந்து வந்தது; அதனை மென்மையாக்கும் வேலை பெண்களின் கையில் விழுந்தது.

ஆயினும் தைத்தல் என்ற தொழில் அந்நியர் தந்ததன்று. பழந்தமிழில் அதற்குத் ‘துன்னம்’ என்று பெயர். புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் அவ்வரிசையிற் சேர்த்துள்ளது. துணியாலும் நெட்டியாலும் பொருள்கள் சமைப்போரையும் குறிப்பிடுகின்றது. நெடுநல்வாடையிலே பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவியால் அணை அமைக்கப்பட்டிருந்ததை நக்கீரர் விரித்துரைக்கின்றார். பொருநராற்றுப்படையிலோ வேறொரு துணி இருக்கின்றது. வியர்வையில் நனைந்து, வேற்று நூல் ஊடுருவிய தையல்களோடு கிழிந்து தொங்கும் பொருநனின் உடை அது. கரிகாலன் அதனைக் களைவித்து, பாம்பின் உரிபோன்ற நுண்ணிய ஆடையை அவனுக்கு வழங்குகின்றான். கொடுத்தவனின் பெயரைப் பாட்டு சொல்கின்றது. கிழிந்த உடையைத் திரும்பத் திரும்பத் தைத்து அவ்வளவு காலம் நிலைக்கச் செய்த கை எவருடையது என்பதை அது சொல்லவில்லை. நகரத்திலே தொழிலாகத் தைத்தவர்கள் இலக்கியத்தில் இடம் பெற்றனர். வீட்டிலே தைத்தவர்கள் தையலின் தடமாக மட்டுமே எஞ்சினர்.

இயந்திரம் வந்தபின் இந்நிலை மாறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846 ஆம் ஆண்டிலும் ஐசாக் சிங்கர் 1851 ஆம் ஆண்டிலும் தத்தம் தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவிலே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டின் இழுவிசையும் ஒத்திருந்தாலே தையல் சீராக விழும். சிங்கர் நிறுவனம் தவணைக் காசுக்கு இயந்திரங்களைக் கொடுத்து உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது. இலங்கைக்கு 1877 ஆம் ஆண்டில் வந்தது. இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியடிகளும் 1924 ஆம் ஆண்டில் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனிதனின் கையை அது ஒதுக்கிவிடவில்லை என்பதே அவர் கருத்தின் சாரம்.

தையலக்காவின் இயந்திரம் அவர் தாயார் தவணையில் வாங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் மழையில் நடந்து இடம்பெயர்ந்தபோது அதுவும் இடம்பெயர்ந்தது. இருப்புக் காலைச் சுமக்க வழியில்லை. இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி, ஒட்டுவேலைக் கட்டில் விரிப்பொன்றிற் சுற்றி, சைக்கிளின் பின்னே கட்டினார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அவர்களுக்கு விடிந்துவிட்டது. தென்மராட்சியிலே மரத்தடியொன்றில் தங்கியிருந்த முதற் கிழமையில் அந்த விரிப்பே நான்கு பேருக்குப் பாயாகவும் போர்வையாகவும் இருந்தது. 1996 ஆம் ஆண்டில் திரும்பி வந்தபோது யன்னற் கதவுகளும் அலுமாரியும் போயிருந்தன. இருப்புக்கால் மட்டும் முற்றத்தில் நின்றது, முசுமுசுக்கைக் கொடி படர்ந்தபடி. அவர் கொடியை அறுத்து, துருவைத் தேய்த்து, தலையைப் பூட்டி, அன்றைக்கே ஒரு யன்னலுக்குச் சீலை தைத்தார். கதவில்லாத யன்னலுக்கு அச்சீலையே இரண்டாண்டுகள் கதவாயிற்று.

மகள் பிறந்தது பின்னர். அவள் வளர்ந்து பேராதனையிலே கலைப்பீடத்துக்குத் தெரிவானபோது, விடுதிக்குக் கொண்டுபோகும் தலையணைக்கு ஒரே நிறத்தில் உறை வேண்டுமென்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் கடையில் வாங்கியவற்றோடு வருவார்கள் என்பது அவள் எண்ணம். தாய் ஒன்றும் சொல்லாமல் வெள்ளை உறையொன்று தைத்துக் கொடுத்தார். விடுதியில் முதன்முறை அதனைக் கழற்றித் தோய்க்கும்போதுதான், அதன் கீழே ஒட்டுவேலை உறையொன்று ஏற்கெனவே போடப்பட்டிருந்ததை அவள் கண்டாள். அதில் அவளுடைய முதலாம் வகுப்புச் சீருடையின் துண்டும் இருந்தது. அவள் அதனைக் கழற்றவில்லை. வெள்ளை உறையையே மீண்டும் மேலே போட்டாள்.

அந்த ஆண்டு வெங்காய விலை விழுந்தது. தகப்பனின் தோட்டம் கடனில் முடிந்தது. மகளின் செலவுக்கு வழி தேடிய தையலக்கா, நகரத்து அலங்காரப் பொருட்கடையொன்றிலிருந்து இருபத்துநான்கு கதிரை மெத்தை உறைகளுக்கு வேலை எடுத்தார். உரப்பையிலிருந்த மிகச் சிறந்த துண்டுகளைத் தெரிந்தெடுத்து ஐந்து கிழமைகள் இரவு பகலாகத் தைத்தார். விடுமுறையில் வந்திருந்த மகள் துண்டுகளை நிறம் பிரித்துக் கொடுத்தாள். எந்தத் துண்டு எவருடையது என்பதைத் தாய் சொல்லச் சொல்ல, தன் ஊரை அவள் முதன்முறையாகக் கேட்டறிந்தாள். இது வெளிநாடு போய்விட்ட பெண்ணின் கலியாணச் சட்டை. இது தைத்து முடிந்தும் எடுக்க ஆள் வராத சட்டை. அதைச் சொன்னபோது தாயின் கால் மிதியில் நின்றுவிட்டது. பிறகு ஓடத் தொடங்கியது.

கடைக்காரர் உறைகளைப் புரட்டிப் பார்த்தார். தையலில் குறை காணவில்லை.

“அக்கா, வேலை நல்ல வேலைதான். ஆனால் ஒண்டைப்போல ஒண்டு இல்லையே. வாங்கிற ஆக்கள் சோடியாத்தான் கேப்பினம்.”

நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி இருபதையும் திருப்பிக் கொடுத்தார். பேருந்திலே தாயும் மகளும் பொதியை மடியில் வைத்தபடி பேசாமல் வந்தனர்.

கடைக்காரரை மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால் ஒன்றுபோல் ஒன்று என்பது இக்காலத்துச் சந்தையின் பொது விதி. 1978 ஆம் ஆண்டில் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து, தைக்கத் தெரிந்த இலட்சக்கணக்கான இலங்கைப் பெண்களின் கை அவ்விதிக்குள் வந்தது. 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆடைத் தொழிற்சாலைகள் கிளிநொச்சியிலும் எழுந்தன. அங்கே ஒருத்தி கழுத்துப் பட்டியை மட்டும் தைக்கின்றாள். இன்னொருத்தி கையை மட்டும். முழுச்சட்டை எவருடைய கையிலும் இல்லை. எனினும் அங்கே கூலி உண்டு. உழைப்பு உழைப்பென்று எழுதப்படுகின்றது. வீட்டிலே தைப்பவளின் உழைப்போ எந்தக் கணக்கிலும் ஏறுவது அரிது. தேசிய உற்பத்தியை அளக்கும் முறை வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பெரும்பாலும் புறந்தள்ளுகின்றது என்பதை நியூசிலாந்தின் மரிலின் வாரிங் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விரித்துரைத்தார். மகள் அக்கருத்தை விரிவுரை மண்டபத்திற் கேட்டுக் குறிப்பெடுத்தவள். அந்தப் பேருந்துப் பயணத்தில்தான் அதன் பாரம் அவள் மடியில் இருந்தது.

கலை பெரிதா, கூலி பெரிதா என்று வினவுவது பட்டிமன்றத்துக்குப் பொருந்தலாம். விடுதிக் கட்டணத்துக்குத் திகதி குறித்தபின் அவ்வினாவுக்கு இடமில்லை. அடுத்த மாதம் தையலக்கா அதே கடையிலிருந்து ஒரே நிறத் துணியை அளந்து வாங்கிவந்து, ஒன்றுபோல் இருபத்துநான்கு உறைகள் தைத்தார். ஐந்து கிழமை வேலை ஒன்பது நாட்களில் முடிந்தது. கடைக்காரர் எண்ணிப் பாராமலே வாங்கிக்கொண்டார். பணம் கைக்கு வந்தது. விடுதிக் கட்டணமும் கட்டியாயிற்று. திருப்பி வந்த இருபது உறைகளும் ஊருக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்ந்தன. கதிரையில் அமர வந்த கிழவியொருத்தி அவற்றிலொன்றைத் தடவிப் பார்த்து, அது தன் பேத்தியின் சட்டையென்று கண்டுபிடித்தாள்.

அன்றிரவு மகள் விறாந்தையைக் கூட்டினாள். ஒன்பது நாட்தையலின் பின்னரும் இயந்திரத்தின் கீழே நூற்பிசிர்களைத் தவிர வேறொன்றும் கிடக்கவில்லை. அளந்து வாங்கி, அளந்து வெட்டிய துணி அது. தாய் காசைக் குறித்துவைத்த கொப்பி இயந்திரத்தின் மேலே திறந்தபடி இருந்தது. உரப்பை பின்னாலே தொய்ந்து கிடந்தது.

“இந்த முறை எப்பிடி அம்மா?” என்றாள் மகள்.

“காசு வந்தது, நல்லதுதானே” என்ற தாய், சற்று நேரங்கழித்துச் சொன்னார்:

“ஆனால் மிச்சம் ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

அவர் கொப்பியைப் பார்த்துச் சொன்னாரா, உரப்பையைப் பார்த்துச் சொன்னாரா என்பதை மகள் கேட்கவில்லை.